வேதம் மட்டும் போதுமா? பொருளடக்கப் பக்கத்தை எழுதியது யார்?

4 மார்ச் 2023, காலை 6.40
பெரோயா வாசகர் எழுதியது:

லெந்து காலம் வந்ததும் சபைகளில் மறுபடியும் அதே கூத்து. சாம்பல் புதன், நாற்பது நாள் விரதம், பீடத்துக்கு ஊதாத் துணி, குருத்தோலைப் பவனி. இவற்றில் ஒன்றுக்காவது வசனம் உண்டா? 2 தீமோத்தேயு 3:16 போதும். வேதத்தில் இல்லாததை விசுவாசிக்கவும் வேண்டாம், கைக்கொள்ளவும் வேண்டாம். மறுப்பவர்கள் வசனத்தோடு வரவும். ஆச்சி சொன்னாள், சபைப் போதகர் ஐயர் சொன்னார் என்று வர வேண்டாம்.

4 மார்ச், இரவு 9.15

குருத்தோலைக்கு வசனம் இருக்கிறது, யோவான் 12:13. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்ற மூன்றுக்கும் கட்டளை இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் காட்டிய வசனத்துக்கு வருகிறேன். வேதவாக்கியங்களெல்லாம் உபதேசத்துக்கும் சீர்திருத்தலுக்கும் "பிரயோஜனமுள்ளவைகளாயிருக்கிறது" என்கிறார் பவுல். சோறு உடம்புக்குப் பிரயோஜனம் என்றால் தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தமாகிவிடாது. "மட்டும்" என்ற சொல் அந்த வசனத்தில் இல்லை. முந்தின வசனத்தையும் படியுங்கள்: தீமோத்தேயு சிறுவயதுமுதல் அறிந்திருந்த எழுத்துக்களைப் பற்றித்தான் பேச்சு. அவன் சிறுவனாக இருந்த நாளில் ஒரு சுவிசேஷம்கூட எழுதப்பட்டிருக்கவில்லை. நீங்கள் கேட்கும் கண்டிப்போடு அந்த வசனத்தைப் பிடித்தால் பழைய ஏற்பாடு மட்டும்தான் மிஞ்சும்.

என்னைப் பற்றி ஒரு வரி. அப்பா தென்னிந்தியத் திருச்சபை, அம்மா கத்தோலிக்கர். வீட்டில் 66 புத்தக வேதாகமம் ஒன்றும் 73 புத்தகத் திருவிவிலியம் ஒன்றும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. இருபத்திரண்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பு எடுக்கிறேன்.

5 மார்ச், மதியம் 1.30

காலையில் வகுப்பில் நடந்தது. வேதாகமத்தின் புத்தகங்களை வரிசையாகச் சொல்லும் பயிற்சி. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பொருளடக்கப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்: "சார், இந்தப் பக்கமும் வசனமா?"

இல்லை என்றேன்.

"அப்போ இதுல எத்தனை புத்தகம் இருக்கணும்னு யார் சொன்னது?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துவிட்டேன்.

7 மார்ச், இரவு 10.05

அந்தப் பையனுக்கு என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும், கூட்டாமல் குறைக்காமல், நம் கையில் இருக்கும் அதே பட்டியலாக முதலில் காண்பது 367ஆம் ஆண்டில். அலெக்சாந்திரியாவின் பிஷப் அத்தனாசியு தம் சபைகளுக்கு எழுதிய ஈஸ்டர் கடிதத்தில். அதாவது சிலுவைக்கு முந்நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து. அதற்கு முன்பே நான்கு சுவிசேஷங்களும் பவுலின் நிருபங்களும் பெரும்பாலான இடங்களில் வாசிக்கப்பட்டன. ஆனால் எபிரெயர், 2 பேதுரு, வெளிப்படுத்தல் போன்றவற்றைப் பற்றி ஊருக்கு ஊர் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தை ஒரு வசனம் தீர்த்துவைக்கவில்லை. வாசித்து, பயன்படுத்தி, விவாதித்துச் சபைதான் தீர்த்தது.

இதனால் வேதத்தைவிடச் சபை பெரியது என்று ஆகிவிடுமா? ஆகாது. தபால்காரர் கடிதத்தைச் சரியான வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார் என்பதற்காகக் கடிதம் எழுதியவர் ஆகிவிட மாட்டார். ஆனால் தபால்காரரே வரவில்லை, கடிதம் மேஜையில் தானாக முளைத்தது என்று சொல்வது அநியாயம்.

சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மானியர் லூத்தர் இந்தப் பட்டியலிலேயே கை வைத்தார். கத்தோலிக்கரின் 73இல் கூடுதலாக இருக்கும் புத்தகங்களை, அதாவது தள்ளுபடி ஆகமங்களை, வேதத்திலிருந்து எடுத்து எறிந்தார்.

8 மார்ச், காலை 7.20

நேற்றைய கடைசி வாக்கியம் தவறு. ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னது சரி. லூத்தர் எறியவில்லை. 1534இல் வெளிவந்த அவருடைய ஜெர்மன் வேதாகமத்தில் அந்தப் புத்தகங்கள் இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே இருக்கின்றன. வேதத்துக்குச் சமமானவை அல்ல, ஆனாலும் வாசிக்க நல்லவை, பயனுள்ளவை என்ற குறிப்போடு. 1611இன் ஆங்கில ஜேம்ஸ் அரசர் வேதாகமத்திலும் இருந்தன. சீர்திருத்தச் சபைகளின் வேதாகமங்களிலிருந்து அவை அடியோடு மறைந்ததில் 1820களில் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கத்துக்குள் நடந்த சண்டைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் புத்தகங்களை அச்சிடச் சங்கத்தின் பணத்தைக் கொடுப்பதில்லை என்று அப்போது முடிவானது. என் அலமாரியில் இருக்கும் 66இன் அட்டைக்குப் பின்னால் ஒரு கமிட்டித் தீர்மானமும் இருக்கிறது.

யாக்கோபு விஷயத்தில் லூத்தர் நடந்துகொண்டது வேறு மாதிரி. 1522 முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்றார். எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசிக்குத் தள்ளி, பொருளடக்கத்தில் எண் கொடுக்காமல் விட்டார். வேதமே கடைசி அதிகாரம் என்ற மனிதர், எது வேதம் என்பதில் தம் மூக்கை நம்பியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத "மட்டும்" என்ற சொல்லைத் தம் ஜெர்மனில் சேர்த்தவரும் அவரே. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அப்படிச் சேர்க்கவில்லை. "விசுவாசம் மட்டும்" என்ற தொடர் வேதத்தில் வரும் ஒரே இடம் அந்த வைக்கோல் நிருபம். யாக்கோபு 2:24, "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல".

8 மார்ச், காலை 7.35

பெரோயா வாசகர் தனிச்செய்தியில் "லூத்தரைத் திட்டுகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. 1519இல் லைப்சிக்கில் கத்தோலிக்க அறிஞர் எக் அவரை மடக்கி மடக்கிக் கேட்டபோது, சபையின் ஆலோசனைச் சங்கங்களும் தவறக்கூடும் என்று சொல்லத் துணிந்தாரே, அந்தத் துணிச்சலுக்கு நான் கடன்பட்டவன். லூத்தருக்கு முந்தின சீர்திருத்தவாதி யான் ஹுஸ்சை எரித்தது ஒரு ஆலோசனைச் சங்கத்தின் தீர்ப்புத்தான். 1521இல் வொர்ம்ஸில் பேரரசர் முன்னால் அவர் சொன்னதையும் கவனியுங்கள்: வேதத்தின் சாட்சியாலோ தெளிவான நியாயத்தாலோ என் தவறு காட்டப்பட்டாலொழிய. அந்த இரண்டாவது "ஆலோ"வைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

11 மார்ச், மாலை 6.50

மழை. வெளியே போகவில்லை. எனக்கு வெட்கமான ஒரு கதையை எழுதிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, யெகோவா சாட்சிகள் இரண்டு பேர் வாசலுக்கு வந்தார்கள். ஒரு வயதான அம்மாள், கூட ஒரு இளம்பெண். தோளில் பை, கையில் குடை. நான்தான் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஆயிற்றே, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். திரித்துவம் என்ற சொல் வேதத்தில் எங்கே என்று அந்த அம்மாள் மிக மரியாதையாகக் கேட்டார். காத்திருந்தவன்போல் 1 யோவான் 5:7ஐத் திறந்தேன். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே." படித்து முடித்து நிமிர்ந்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "தம்பி, இந்த வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் கிடையாது, உங்கள் ஆட்களையே கேட்டுப் பாருங்கள்" என்றார்.

கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்த வரி இல்லை. ஏன் விட்டீர் என்று பெரிய கூச்சல் எழுந்தது. 1522இன் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளுக்கும் நம் பழைய மொழிபெயர்ப்புக்கும் வந்தது. திருவிவிலியத்தில் அது இல்லை. என் அம்மாவின் புத்தகம் அது, பக்கத்திலேயே இருந்தது. நான் ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

வேதம் மட்டும் என்று நான் நீட்டிய வசனம், யாரோ ஒருவர் திரித்துவத்தை முன்பே நம்பி ஓரத்தில் எழுதிய விளக்கமாக இருந்து உள்ளே நுழைந்தது என்கிறார்கள். அப்படியானால் நான் நீட்டியது பாரம்பரியத்தைத்தான். எனக்கே தெரியாமல்.

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள்.

12 மார்ச், இரவு 8.40

"அப்படியானால் திரித்துவத்தை விட்டுவிட்டீரா?" என்று ஒருவர். விடவில்லை. மத்தேயு 28:19 இருக்கிறது, யோவான் சுவிசேஷம் முழுவதும் இருக்கிறது. ஆனால் அந்த வசனங்களையெல்லாம் ஒரே கோட்டில் நிறுத்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்தது 325இல் நிசேயாவில் கூடினவர்கள். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அவர்கள் போட்ட கிரேக்கச் சொல் வேதத்தில் இல்லை. குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவின் பக்கத்தார் எழுப்பிய ஆட்சேபணையே அதுதான்: வேதத்தில் இல்லாத சொல்லை ஏன் விசுவாசப் பிரமாணத்தில் வைக்கிறீர்கள்? வசனங்களைத் தங்கள் விருப்பத்துக்கு வளைக்கிறவர்களை அடைக்க வேறு வழி தெரியவில்லை என்பது அத்தனாசியுவின் பதில்.

பெரோயா வாசகரே, உங்கள் 4ஆம் தேதிக் கேள்வியை அந்தக் கூட்டத்தில் கேட்டிருந்தால் நீங்கள் ஆரியுவின் வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள்.

12 மார்ச், இரவு 9.10

மேலே எழுதியது குத்தலாகப் போய்விட்டது. ஆனாலும் அழிக்கப் போவதில்லை.

15 மார்ச், காலை 6.00

"நேரடியாகக் கத்தோலிக்கனாகிவிடுங்கள்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "பூசைக்கு நேரத்துக்கு வரமாட்டான், எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

இந்தச் சண்டை தமிழுக்குப் புதிதல்ல. தமிழ் எழுத்தில் முதலில் அச்சேறிய நூல் வேதாகமம் அல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், பதினாறு பக்க ஞானோபதேசம், கத்தோலிக்கர் ஆக்கியது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லூத்தரன் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714-15இல் அச்சிட்டார். முதலில் விசுவாசத்தைச் சொல்லிக் கொடு என்றது ஒரு பக்கம், முதலில் புத்தகத்தைக் கையில் கொடு என்றது மறுபக்கம். பிறகு வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரர்களை எதிர்த்து வேத விளக்கமும் பேதகமறுத்தலும் எழுதினார். அவர்களுடைய மொழிபெயர்ப்பின் தமிழையும் சும்மா விடவில்லை. தமிழ் நடையில் வெற்றி அவருக்குத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மட்டமான தமிழில் என்றாலும் சுவிசேஷத்தைத் தானே வாசித்துப் பார்க்கும் உரிமை உழவனுக்கும் உண்டு என்ற இடத்தில் நான் தரங்கம்பாடிப் பக்கம்.

ரோமைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். 1546இல் திரெந்து சங்கம் எழுதப்பட்ட புத்தகங்களையும் எழுதப்படாத மரபுகளையும் சமமான பக்தியோடு ஏற்பதாக அறிவித்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்றது. கூடவே, போதிக்கும் அதிகாரம் தேவ வார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்றும் எழுதிவைத்தது. எங்கள் மேடைகளில் இந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. சொன்னால் பிரசங்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எழுத்தில் அப்படி, நடப்பில் எப்படி என்பது வேறு கேள்வி. ஊழியக்காரன் தன்னைத் தானே மேற்பார்வையிட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பது எங்கள் சபைகளைப் பார்த்தாலே தெரியும். ரோமுக்குப் போக வேண்டியதில்லை.

19 மார்ச், மாலை 4.15

அம்மாவின் அம்மா தூத்துக்குடியில் இறந்தபோது அடக்கப் பூசையில் சாலமோனின் ஞானம் மூன்றாம் அதிகாரம் வாசித்தார்கள். நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் இருக்கின்றன, எந்தத் துன்பமும் அவர்களைத் தொடாது என்று வரும் பகுதி. பெட்டிக்குப் பக்கத்தில் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். எதையும் எளிதில் பாராட்டாத மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில், "சங்கீதமா?" என்று கேட்டார். இல்லை, உங்கள் புத்தகத்தில் இல்லாதது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இது வாதம் இல்லை. நல்லதெல்லாம் வேதம் ஆகிவிடாது. சும்மா நினைவு வந்தது.

22 மார்ச், இரவு 11.30

இப்போது எதிர்ப்பக்கம் பேச வேண்டும். இரண்டு வாரமாக நான் எழுதியதைப் படித்துவிட்டு என் மருமகள் (அக்காள் மகள்) ஒரே வரி எழுதியிருந்தாள்: "மாமா, கல்லறைச் சுவரை மறந்துவிட்டீர்களா?"

அப்பாவின் ஊர் வேதக்கோவிலுக்குச் சேர்ந்த கல்லறைத் தோட்டத்தில் இடுப்பளவு சுவர் ஒன்று உண்டு. எந்தச் சாதிக்கு எந்தப் பக்கம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், எங்கும் எழுதப்படவில்லை. அதை இடிக்க வேண்டும் என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்தபோது நானும் இருந்தேன். செயலாளர் மினிட்ஸ் நோட்டை மூடிவிட்டுச் சொன்னது ஒரே சொல்: "வழக்கம்." முன்னோர் செய்தது, எல்லாரும் ஏற்றுக்கொண்டது, எழுதப்படாதது. பாரம்பரியத்துக்கு என்னென்ன இலக்கணம் சொல்வோமோ அத்தனையும் அந்தச் சுவருக்கு இருந்தது.

அப்போது என் மருமகள் எழுந்து கலாத்தியர் 3:28ஐ வாசித்தாள். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை." விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் பதில் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அறையில் ஐயருக்கும் செயலாளருக்கும் மேலே நிற்க இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு வேறு எந்த அதிகாரம் இருந்தது? லூத்தர் வொர்ம்ஸில் கேட்டதும் இதைத்தான். வழக்கத்துக்கு மேலே ஒன்று இல்லாவிட்டால் வழக்கத்தின் மேல் யார் வழக்குத் தொடுப்பது?

இதற்கும் பழைய கதை உண்டு. பழைய தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளில் சாதியைச் சமூக வழக்கம் என்று சொல்லிப் பெரும்பாலும் விட்டுவைத்திருந்தார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், அதை உடனே, உறுதியாக, முடிவாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், நான் சிறுவயதுமுதல் பாடிவரும் கீர்த்தனைகளைத் தந்தவர், அதற்கு முன்பே புதிய மிஷனரிகளின் மேல் குற்றப்பட்டியல் எழுதியிருந்தார்: வேதத்தின் மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், திருவிருந்தில் சாதிகளைக் கலக்கச் சொல்கிறார்கள், பூவைத் தடுக்கிறார்கள், இசையைத் தடுக்கிறார்கள். நான்கும் ஒரே பட்டியலில். பூவிலும் இசையிலும் நான் அவர் பக்கம். இரண்டாவதில் அவர் பக்கம் நிற்க முடியாது. எது காக்க வேண்டிய மரபு, எது இடிக்க வேண்டிய சுவர் என்று பிரிக்க அவருக்குப் பட்டியலுக்கு வெளியே ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

கல்லறைச் சுவர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நடுவில் ஒரு வாசல் வெட்டினார்கள். சுவர் நிற்கிறது.

23 மார்ச், காலை 5.50

தூக்கம் வரவில்லை. நேற்றைய குறிப்புக்குப் பிறகு என் நிலையை நேராகச் சொல்லிவிடலாம். "வேதம் மட்டும்" என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். வேதத்துக்கு மேலே எதுவும் இல்லை என்பது ஒன்று. வேதத்தைத் தவிர எதுவும் வேண்டாம் என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கையெழுத்துப் போடுவேன். தென்னிந்தியத் திருச்சபையின் அமைப்புச் சட்டமும் அதையே சொல்கிறது: இரட்சிப்புக்குத் தேவையான யாவும் வேதத்தில் உண்டு, அதுவே விசுவாசத்தின் உன்னதமான, தீர்மானமான அளவுகோல். அடுத்ததாக அப்போஸ்தலர் பிரமாணத்தையும் நிசேயப் பிரமாணத்தையும் அந்த விசுவாசத்துக்குச் சாட்சியும் காவலுமாக ஏற்கிறது. இரண்டாவது விதத்தை ஒருவராலும் நடத்திக்காட்ட முடியாது. நடத்துவதாகச் சொல்கிறவர் தம் பாஸ்டரின் குரலைத் தம் குரல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

26 மார்ச், மாலை 7.00

"பரிசுத்த ஆவி வாசகனுக்கு வெளிப்படுத்துவார், விளக்கம் சொல்ல ஆள் தேவையில்லை" என்கிறார் பெரோயா வாசகர். அழகான நம்பிக்கை. 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சூரிக் நகரின் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இருவருக்கும் அதிகாரம் வேதமே. லூத்தர் சாக்கட்டியால் மேஜையில் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதி, அதன்மேல் துணியை மூடிவைத்தார். விவாதம் சூடானதும் துணியை விலக்கி எழுத்தைக் காட்டினார். "இது" என்றால் இதுதான் என்றார் அவர். "குறிக்கிறது" என்று அர்த்தம் என்றார் ஸ்விங்லி. பதினைந்து கட்டுரைகளில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவது, திருவிருந்து. அதில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது இன்னும் கசப்பு. ஸ்விங்லியிடம் வேதம் படித்த இளைஞர்கள் சிலர், குழந்தை ஞானஸ்நானத்துக்கு வசனம் எங்கே என்று அவரிடமே கேட்டார்கள். அவர் கற்றுக்கொடுத்த கேள்வி. 1527 ஜனவரி 5ஆம் தேதி அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்சைச் சூரிக் நகர மன்றம் கையைக் கட்டி லிம்மத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. கொன்றவர்கள் பாப்புவின் ஆட்கள் அல்ல, சீர்திருத்தம் செய்தவர்கள்.

29 மார்ச், இரவு 9.45

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று. இதை யாரும் கிளப்பவில்லை, ஆகவே நானே கிளப்புகிறேன்.

மாற்கு 7:13இல் இயேசு பரிசேயரைக் கண்டிக்கிறார்: உங்கள் "பாரம்பரியத்தினால்" தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள். 2 தெசலோனிக்கேயர் 2:15இல் பவுல் சொல்கிறார்: வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது நாங்கள் உபதேசித்த "முறைமைகளைக்" கைக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், பரதோசிஸ். கெட்ட இடத்தில் பாரம்பரியம், நல்ல இடத்தில் முறைமை என்று நம் பழைய மொழிபெயர்ப்பு பிரித்துவிட்டது. விளைவு, தமிழில் மட்டும் வேதம் படிக்கிறவனுக்குப் பாரம்பரியம் என்றாலே பரிசேயர் ஞாபகம் வரும். பவுல் அதே சொல்லைக் கைக்கொள்ளச் சொன்னார் என்பதே தெரியாது. வேதம் மட்டும் என்ற கொள்கை நமக்கு வசனத்திலிருந்து எவ்வளவு வந்தது, அகராதியிலிருந்து எவ்வளவு வந்தது?

மொழிபெயர்த்தவர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. இடத்துக்கு ஏற்ற சொல் என்று நினைத்திருப்பார்கள்.

30 மார்ச், காலை 8.10

பெரோயா வாசகர்: "இது எனக்குத் தெரியாது. பார்க்கிறேன்."

இந்த இழையில் நான் படித்த மிகச் சிறந்த வரி. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் பெரோயா பட்டணத்தார் செய்ததும் இதுதானே, காரியங்கள் இப்படியிருக்கிறதாவென்று ஆராய்ந்தார்கள். ஒரு சின்னக் குறிப்பு: அவர்கள் ஆராய்ந்தது பவுல் வாயால் சொன்னதை.

9 ஏப்ரல், மாலை 5.30

அதிகாலை ஈஸ்டர் ஆராதனைக்குப் பின் வகுப்பு. அந்தப் பையன் அவனுடைய பாட்டியின் திருவிவிலியத்தைக் கொண்டுவந்திருந்தான். அவனுக்கும் என்னைப்போல் இரண்டு பக்கமும் சொந்தம் என்பது இன்றுதான் தெரிந்தது. எல்லாருக்கும் முன்னால் சத்தமாக எண்ணினான். பழைய ஏற்பாடு 46, புதிய ஏற்பாடு 27, மொத்தம் 73. பிறகு என் புத்தகத்தை வாங்கி எண்ணினான். 39ம் 27ம், 66. "சார், ஏழு குறையுது." பின்னால் நின்ற கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார்.

அத்தனாசியு, ஈஸ்டர் கடிதம், தபால்காரர் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிடம் கேட்டான். "அப்போ அந்த ஏழையும் வாசிக்கலாமா?" வாசிக்கலாம், முதலில் இந்த 66ஐ வாசி என்றேன். எத்தனை வாசித்திருக்கிறாய் என்றும் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "யோனா முழுசா" என்றான்.

அடுத்த ஞாயிறு பாடம் யோனாதான். மீனைப் பற்றி மட்டும் கேட்பான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.